பங்கசின் மீது பழி

தாவரநோயியலின் அறிமுக நூல்கள் பலவற்றிலும், வாழை வர்த்தகத்தின் கதையைக் கூறும் பிரபல நூல்களிலும் ஒரே வாக்கியம் வேறுவேறு சொற்களில் திரும்பத் திரும்ப வரக் காணலாம். "பனாமா நோய் குரோ மிச்செல் வாழையை அழித்தொழித்தது" என்பதே அவ்வாக்கியம். எழுவாய் பங்கசு, செயப்படுபொருள் வாழை, பயனிலை அழிவு. இலக்கணத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் இவ்வாக்கியத்துள் நிலவுடைமையாளன் இல்லை, தொழிலாளி இல்லை, சந்தை இல்லை, மண் கூட இல்லை. கொலையாளியும் கொலையுண்டவனும் மாத்திரமே மேடையில் நிற்கின்றனர். அரங்கைக் கட்டியோர் யாவர் என்ற வினா எழுவதற்கே இடமில்லாதவாறு வாக்கியம் அமைந்துவிடுகின்றது. இக்கட்டுரை அவ்வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுவது.

இவ்வாக்கிய அமைப்பு நம்மவர்க்குப் புதியதன்று. "கோப்பியை இலைநோய் அழித்தது, அதனால் தேயிலை வந்தது" என்று பாடசாலையிலே மனனஞ் செய்தவர்கள் நாம். 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட அத்துருநோயை ஆராய்வதற்கென 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், மலைச்சரிவுகளை இடைவெளியின்றி ஒரே பயிரால் மூடிய முறைமை நோய்ப் பரவலுக்கு எவ்வாறு துணைநின்றது என்பதை அன்றே எடுத்துக்காட்டினார். நமது மனனத்திலோ பங்கசின் குற்றம் மட்டுமே எஞ்சியுள்ளது. அது இலையைத் தாக்கும் நோய், வாடல் நோயன்று. ஆதலின் அதனை இவ்வளவில் விடுத்து வாழைக்கு வருவோம்.

கலைப்பீடத்து மாணவன் ஒருவனுக்கு வாடல் பங்கசுகளைப் பற்றி என்ன தெரியும் என்று விவசாயபீட நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் எமது பக்கத்துக் குற்றத்தையும் இங்கு மறைப்பதற்கில்லை. பெருந்தோட்டப் பொருளாதாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் எம்மவர், நோய் என்ற சொல் வந்தவுடன் "இதுவும் ஏகாதிபத்தியத்தின் விளைவே" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு அடுத்த பந்திக்குத் தாவிவிடுகின்றனர். பங்கசு வேரினுள் என்ன செய்கின்றது என்பதை ஒரு பக்கமேனும் வாசித்துப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. விஞ்ஞானபீடத்தார் வரலாற்றைப் பூட்டி வைத்தனர் என்றால், கலைப்பீடத்தார் வேரையும் மண்ணையும் பூட்டி வைத்தனர். இரு பூட்டுகளாலும் இலாபமடைந்தோர் ஒரே சாராரே என்பதைக் காட்டுவதற்கு முதலில் வேருக்குள் நுழைந்து பார்த்தல் அவசியமாகின்றது.

பியூசாரியம் ஒட்சிஸ்போரம் என்னும் பங்கசின் 'கியூபென்சே' என வழங்கும் சிறப்பு வடிவமே பனாமா நோயை உண்டாக்குவது. தடித்த சுவருடைய ஓய்வுவித்திகளாக அது மண்ணிலே உறங்கிக் கிடக்கும். வாழை இல்லாத நிலத்திலும் இவ்வித்திகள் இருபது, முப்பது ஆண்டுகள் உயிர்தரித்திருக்கக் கூடியவை. வாழை வேரிலிருந்து கசியும் பதார்த்தங்கள் தம்மை வந்தடைந்ததும் அவை முளைக்கின்றன. வேர்நுனியினூடாகவோ சிறு காயங்களினூடாகவோ உட்புகும் இழைகள், புறணியைக் கடந்து காழ்க்கலன்களை அடைகின்றன. காழ்க்கலன் என்பது உயிர்நீத்த கலங்கள் தொடராக இணைந்து அமைந்த நீர்க்குழாய். இலைகளில் நிகழும் ஆவியுயிர்ப்பு நீரை மேலிழுக்க, அந்நீரோட்டத்திலேயே பங்கசின் நுண்வித்திகளும் ஏறுகின்றன. கலன்களின் முடிவுத்தட்டுகளில் அவை தடைப்பட்டு நிற்கும். நின்ற இடத்தில் முளைத்து, தட்டினூடாக இழையை நீட்டி, அப்பால் புதிய வித்திகளைப் பிறப்பித்து, மீண்டும் ஓட்டத்திலே விடும். பங்கசுக்குக் கால்கள் இல்லை. வாழையே தன் தாகத்தினால் அதனைத் தலைக்குச் சுமந்து செல்கின்றது.

இந்த இடத்திலேதான் பாடநூல் வாக்கியம் முதன்முதலாகத் தடுமாறுகின்றது. ஏனெனில் வாழை வாளாவிருந்து மடியும் பலியாள் அன்று. பங்கசு உட்புகுந்ததை அது உணர்கின்றது. உணர்ந்து கலன்களை அடைக்க முற்படுகின்றது. முதலில் கலச்சுவர்களிலிருந்து ஒருவகைக் கூழ் சுரந்து வித்திகளைச் சிறைப்பிடிக்கும். பின்னர், கலனை அடுத்துள்ள உயிர்க்கலங்கள் கலனுக்குள் பலூன்போல் உப்பிப் புடைத்து வழியை மூடும். தைலோசு எனத் தாவரவியலார் குறிப்பிடுவது இப்புடைப்புகளையே. அதன்பின் பீனோலிக் பதார்த்தங்கள் அவ்விடத்தில் ஊறி அதனை இறுகச் செய்யும். வாழை வேர்களில் இந்நிகழ்ச்சியைப் பெக்மனும் அவரது சகாக்களும் 1960களில் நுணுகி ஆராய்ந்தனர். நோயெதிர்ப்புள்ள வாழையிலும் எதிர்ப்பற்ற வாழையிலும் பங்கசு நுழையவே செய்கின்றது. இரண்டுமே அடைப்பையும் உண்டாக்குகின்றன. வேறுபாடு காலத்தில் இருக்கின்றது. எதிர்ப்புள்ள வாழையில் கூழ் கரையாது நிலைக்கின்றது, புடைப்பு நேரத்தோடு வந்து சேர்கின்றது, பங்கசு ஒரு சில கலன்களுக்குள் முடங்கிவிடுகின்றது. எதிர்ப்பற்ற வாழையிலோ கூழ் தளர்ந்துபோகின்றது, புடைப்பு பிந்துகின்றது, அதற்குள் பங்கசு அடுத்த தட்டையும் தாண்டிவிடுகின்றது. பிந்தி வந்த அடைப்புகள் பங்கசைத் தடுக்காமல் நீரைத் தடுக்கின்றன.

கதவை நேரத்தோடு சாத்தியவன் பிழைக்கின்றான். திருடன் வீடு முழுவதும் நடமாடத் தொடங்கியபின் எல்லாக் கதவுகளையும் சாத்தியவன், அவனோடு கூடவே அடைபட்டு மூச்சுத் திணறுகின்றான். முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளிக்கின்றது. காம்பு மடிந்து, இலைகள் பாவாடைபோல் போலித்தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. தண்டின் அடி பிளக்கின்றது. வெட்டிப் பார்த்தால் காழ்வழியே செங்கபில நிறக் கோடுகள். பங்கசின் இழைகள், அதன் நொதியங்கள் கரைத்த சுவரின் கூழ், அது சுரக்கும் நச்சுப் பதார்த்தங்கள், தாவரம் தானே எழுப்பிய அடைப்புகள் ஆகிய யாவும் கூடியே வாடலை உண்டாக்குகின்றன. கொலையாளி ஒருவன், பலியாள் ஒருவன் என்று பிரித்துக் கூறவொண்ணாத உறவு இது. நோய் என்பது பங்கசினுள்ளும் இல்லை, வாழையினுள்ளும் இல்லை. இரண்டும் சந்திக்கும் கதியிலே உள்ளது. அக்கதியை மண்ணின் வெப்பம் மாற்றும், மண்ணின் தன்மை மாற்றும், நடப்பட்ட வாழை எவ்வினத்தது என்பது மாற்றும். இவற்றுள் எதனையும் பங்கசு தெரிவு செய்வதில்லை.

அப்பங்கசைத் தானும் 'பகைவன்' என்று பிறப்பாலே முத்திரை குத்துவதற்கில்லை. பியூசாரியம் ஒட்சிஸ்போரம் என்ற அதே இனத்தைச் சேர்ந்த எண்ணற்ற வடிவங்கள் உலகெங்கும் மண்ணிலும் வேர்களிலும் எவ்விதத் தீங்கும் செய்யாது வாழ்கின்றன. பிரான்சின் ஷாத்தோரெனார் பகுதியிலே சில மண்களில் வாடல் பங்கசை இட்டாலும் நோய் தோன்றுவதில்லை என்பது 1970களில் ஆராயப்பட்டபோது, அங்கே நோய்ப்பங்கசைத் தடுத்து நின்றவற்றுள் அதன் நெருங்கிய உறவினரான தீங்கற்ற பியூசாரியங்களும் அடங்கும் என்பது தெரியவந்தது. தக்காளியைத் தாக்கும் வடிவத்தின் நோயூட்டும் ஆற்றல் பெரும்பாலும் ஒரு தனி நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது என்றும், அந்நிறமூர்த்தம் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தீங்கற்றதை நோய்க்காரணியாக மாற்றக்கூடும் என்றும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே தக்காளிப் பங்கசு காழினுள் சுரக்கும் புரதங்களுள் ஒன்று அதன் தாக்குதலுக்குத் துணைசெய்வது. ஆனால் குறித்த ஒரு பரம்பரையலகைக் கொண்ட தக்காளி அப்புரதத்தையே அடையாளங்கண்டு விழித்துக்கொள்கின்றது. திருடனின் திறவுகோலே காவலாளியின் மணியுமாகின்றது! இயங்கியலை எம்மவர் மேடைகளில் முழங்குகின்றனர். அதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை எங்கே தேடப் போகின்றனர் என்று தெரியவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்நோயை முதன்முதலில் எழுத்திற் பதிந்தவர் ஜோசப் பான்குரொப்ட். 1870களில், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். 1890 அளவில் அது கோஸ்தா ரிக்காவிலும் பனாமாவிலும் தென்பட்டது. அப்போது அப்பிரதேசத்தில் வட அமெரிக்கச் சந்தைக்கான வாழைப் பெருந்தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. 1899இல் அமைக்கப்பட்ட யுனைட்டட் புரூட் கம்பனி அவ்வர்த்தகத்தின் ஏகபோக உரிமையாளனாக எழுந்தது. காடு வெட்டப்பட்டது, புகையிரதப் பாதை இடப்பட்டது, ஒரே இனமான குரோ மிச்செல் நடப்பட்டது. 'ஒரே இனம்' என்று கூறுவதும் போதாது. உண்ணும் வாழைக்கு விதையில்லை; குட்டியையும் கிழங்கையும் பிரித்தே நடுகின்றோம். ஆதலின் இலட்சக்கணக்கான ஏக்கரில் நின்றது, மரபுவழியில் நோக்கின், ஒரே தாவரம். ஒன்றில் அடைப்புப் பிந்துமாயின் எல்லாவற்றிலும் பிந்தும். போதாக்குறைக்கு, வெளித்தோற்றத்தில் நோயற்ற கிழங்குகளையே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் புகையிரதத்திலும் கப்பலிலும் ஏற்றிச் சென்று நட்டனர். பங்கசுக்குக் கால்கள் இல்லை என்றேன். கம்பனி அதற்குச் சில்லுகள் பூட்டிக் கொடுத்தது.

எதிர்ப்புள்ள வாழைகள் அன்று அறியப்படாதிருந்தனவா எனில், இல்லை. கவென்டிஷ் குழுவைச் சேர்ந்த வாழைகள் இந்நோயின் அன்றைய வடிவத்துக்கு ஈடுகொடுப்பன என்பது நெடுங்காலத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. 1922இலேயே திரினிடாட்டில் எதிர்ப்புள்ள வாழையை உருவாக்கும் இனவிருத்தி வேலை தொடங்கிற்று. ஆனால் குரோ மிச்செல் தடித்த தோலுடையது. குலையைப் பெட்டியிலிடாமல் அப்படியே கப்பலில் அடுக்கலாம். கவென்டிஷின் தோல் எளிதிற் கன்றும். அதற்குப் பெட்டி வேண்டும், பெட்டி கட்டும் கூடம் வேண்டும், கூலி வேண்டும். நுகர்வோர் ஒரே நிறத்தையும் ஒரே சுவையையும் பழகிவிட்டனர் என்ற காரணமும் சொல்லப்பட்டது. எனவே எந்த வாழை மண்ணிலே நிற்க வேண்டும் என்பதை அதன் காழ் தீர்மானிக்கவில்லை, தோல் தீர்மானித்தது. தோலைத் தீர்மானித்தது கப்பற் செலவு. நோய்க்கு எளிதில் இரையாகும் தன்மை என்று பாடநூல் கூறுவது தாவரத்தின் இயல்பென்பது உண்மையே. அவ்வியல்புடைய தாவரத்தையே அரை நூற்றாண்டாக விடாப்பிடியாக நட்டது இயல்பன்று, கணக்கு.

அக்கணக்கில் நிலம் மலிவான சரக்கு. மத்திய அமெரிக்காவின் சில மண்களில் குரோ மிச்செல் இருபது ஆண்டுகளுக்கு மேலும் நின்றது. வேறு சிலவற்றில் ஒரு சில ஆண்டுகளிலே மடிந்தது. 'நீண்ட ஆயுள் மண்', 'குறுகிய ஆயுள் மண்' என்று கம்பனியின் விஞ்ஞானிகளே அவற்றைப் பாகுபடுத்தினர். களியின் வகையும் மண்ணின் நுண்ணுயிர்களும் இதில் பங்குகொள்கின்றன என்பது பின்னைய ஆய்வுகளால் விளங்கிற்று. மண்ணை அறிந்து மண்ணுக்கேற்பப் பயிரை மாற்றும் வழி இதனால் திறந்திருந்தது. தெரிவு செய்யப்பட்டதோ வேறு வழி: குறுகிய ஆயுள் மண்ணில் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்தல். ஹொண்டுராசில் அணைகட்டி வயல்களை மாதக்கணக்கில் நீரில் அமிழ்த்திப் பங்கசை மூச்சடைக்க வைக்கும் முயற்சியும் நிகழ்ந்தது. மீண்டும் நட்ட வயல்களில் சில ஆண்டுகளுள் நோய் திரும்பிற்று. அப்புறமும் நகர்தலே நடந்தது.

நகர்தல் என்ற இச்சொல்லுக்குள் அடங்கியவற்றைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். ஹொண்டுராசின் ட்ருகீயோப் பகுதியைக் கைவிட்டபோது கம்பனி தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்துச் சென்றது. எஞ்சியோர் தாம் விளைவித்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையும் அவற்றோடு போயிற்று. கோஸ்தா ரிக்காவின் அத்திலாந்திக் கரையான லிமோனில், 1934இல் வாழைத் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே ஆண்டு டிசம்பரில், கம்பனி பசுபிக் கரையிலே புதிய தோட்டங்கள் அமைப்பதற்கு வழிசெய்த சட்டம் நிறைவேறிற்று. அப்புதிய தோட்டங்களில் கறுப்பினத்தவரை வேலைக்கமர்த்தலாகாது என்றும் அச்சட்டமே விதித்தது. லிமோனின் தொழிலாளருள் பெருந்தொகையினர் ஜமெய்க்காவிலிருந்தும் ஏனைய கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினத்தவர். பாதையிட்டவர்கள் அவர்கள், காட்டை வெட்டியவர்கள் அவர்கள். கம்பனி போயிற்று, அவர்கள் நோயுற்ற மண்ணோடு விடப்பட்டனர். "பனாமா நோய் லிமோனை அழித்தது" என்று எழுதுபவர் இச்சட்டத்தை எந்தப் பங்கசு இயற்றியது என்று கூறக் கடமைப்பட்டவர்.

எல்லாவற்றிலும் துலாம்பரமான சாட்சி குவாத்தமாலாவிலே கிடைக்கின்றது. 1952 ஜூனில் ஜாகோபோ ஆர்பென்ஸின் அரசு நிலச்சீர்திருத்தச் சட்டத்தை, 900ஆம் இலக்க ஆணையை, நிறைவேற்றியது. பயிரிடப்படாத பெருநிலங்களை எடுத்து நிலமற்றோர்க்குப் பகிர்வதே அதன் நோக்கம். யுனைட்டட் புரூட் கம்பனி அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ஏக்கரை வைத்திருந்தது; அதில் 85 வீதமளவு பயிரிடப்படாது கிடந்தது. நிலமின்றி ஒரு மக்கட்கூட்டம் வாட, இத்துணை நிலம் தரிசாக ஏன் கிடக்கின்றது? கம்பனியின் விடை: பனாமா நோய். நோயுற்ற வயலைக் கைவிட்டு நகர்வதற்கு ஒதுக்கு நிலம் தேவை. ஆதலின் தரிசு தரிசன்று, காப்பீடு!

இவ்வாதத்தைக் கூர்ந்து நோக்குக. எதிர்ப்பற்ற ஓரினத்தை மட்டுமே நடுவேன் என்று தானே தீர்மானித்தவன், அத்தீர்மானத்தின் விளைவைக் காட்டி இன்னொரு மடங்கு நிலம் கேட்கின்றான். லிமோனிலே பங்கசு வெளியேறுவதற்குக் காரணமாயிற்று. குவாத்தமாலாவிலே அதே பங்கசு வெளியேறாதிருப்பதற்குக் காரணமாயிற்று. எந்தப் பக்கம் இலாபமோ அந்தப் பக்கம் சாட்சி கூறும் இத்தகைய சாட்சியை எந்த நீதிமன்றத்திலும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவார்களா? 1953இல் திக்கிசாத்தே நிலங்களுக்கு அரசு வழங்க முன்வந்த நட்டஈடு ஏறத்தாழ 6 இலட்சத்து 27 ஆயிரம் டொலர். வரி குறைவாகச் செலுத்தும்பொருட்டுக் கம்பனி தானே காட்டியிருந்த பெறுமதியின் அடிப்படையிலே அது கணிக்கப்பட்டது. அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் கம்பனிக்காகக் கேட்டதோ ஏறத்தாழ 1 கோடி 58 இலட்சம் டொலர். 1954 ஜூனில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஆர்பென்ஸ் அரசு கவிழ்க்கப்பட்டது. அக்கவிழ்ப்புக்குக் காரணம் பங்கசு என்று நான் கூற வரவில்லை. பனிப்போர் அரசியலும் பிறவும் அங்கு வலுவாகவே இருந்தன. ஆனால் மண்ணுக்கடியில் உறங்கும் ஒரு வித்தியை நிலவுடைமையின் வழக்கறிஞனாக ஏற்றி நிறுத்தலாம் என்பதை அவ்வழக்குக் காட்டுகின்றது. வேரினுள் நிகழ்வதை அறியாதவன் அவ்வழக்கறிஞனுக்கு மறுமொழி கூற மாட்டான். "நோய்க்காக நிலம் வேண்டும்" என்ற கூற்றுக்கு விடை "ஏகாதிபத்தியம் ஒழிக" என்பதன்று. "அடைப்புப் பிந்தாத வாழையை நடு" என்பதே. அவ்விடையைக் கூறுவதற்குத் தாவரவியல் தேவை.

இங்கு எம்மவரோடும் ஒரு வார்த்தை. பங்கசு முதலாளித்துவத்தின் நிழல் அன்று. அதற்கென ஓர் இருப்பும் விதிகளும் உண்டு. சிங்களத்தில் கோலிக்குட்டு என்றும் தமிழகத்தில் ரஸ்தாளி என்றும் வழங்கும் வாழைகள் ஒரே குழுவைச் சேர்ந்தவை. இரண்டுமே பனாமா நோய்க்கு எளிதில் இரையாவன. வீட்டுக்குப் பின்னால் பத்து வாழை வைத்திருப்பவனின் வாழையும் வாடத்தான் செய்கின்றது. கம்பனிக்கு எதிரான அவனது நிலைப்பாட்டைப் பங்கசு விசாரிப்பதில்லை. அதேபோல், இன்று கவென்டிஷைத் தாக்கும் 'வெப்பவலய 4ஆம் இனம்' பெருந்தோட்டங்கள் பிறப்பித்த ஒன்று என்று கூறுவதும் அவசரமாகும். குரோ மிச்செலைத் தாக்கிய முதலாம் இனம் மாறி அதுவாகவில்லை என்றே அண்மைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. வாழையின் தாயகமான தென்கிழக்காசியாவில், இந்தோனேசியப் பகுதியில், அது ஏற்கெனவே இருந்திருக்கலாம் என்பதே பலரது கருத்து. 1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதிக்கான கவென்டிஷ் தோட்டங்கள் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அமைக்கப்பட்டபோது அவை அங்கிருந்த பங்கசைச் சந்தித்தன. பங்கசைப் படைத்தது பெருந்தோட்டம் அன்று. பல்வேறு வாழைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடந்த ஒன்றுக்கு எல்லையற்ற ஒரே மேசையை விரித்தது பெருந்தோட்டம். இவ்வேறுபாட்டைக் காணாதவர், எதிர்த்தரப்பு விஞ்ஞானி ஒருவரின் ஒரே கேள்வியில் வீழ்ந்துபடுவார்.

அம்மேசை இன்னும் சுருட்டப்படவில்லை. 1960 அளவில் குரோ மிச்செல் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து அகன்றபின், அதன் இடத்தில் நடப்பட்டது மீண்டும் ஒரு தனிக்குழுவே. உலக வாழை உற்பத்தியில் ஏறத்தாழ அரைவாசியும், ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதியும் இன்று கவென்டிஷ். பாடம் படிக்கப்படவில்லை என்று கூறுவது வழக்கம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. படிக்கப்பட்டது, இலாபகரமான பாடமாகவே படிக்கப்பட்டது. ஓரினம் அறுபது ஆண்டுகள் தாங்குமாயின் அறுபது ஆண்டுகளின் இலாபம் கையிலிருக்கும். அறுபத்தோராம் ஆண்டின் நட்டம் மண்ணுக்கும் மண்ணிலே நிற்பவர்க்கும் உரியது.

புதிய இனம் 1997இல் அவுஸ்திரேலியாவின் வட ஆள்புலத்திலும், 2013இல் மொசாம்பிக்கிலும், 2019இல் கொலம்பியாவிலும், 2021இல் பெருவிலும், 2023இல் வெனிசுவேலாவிலும் அறியப்பட்டது. செய்தித்தாள்கள் மீண்டும் போர்மொழியை எடுத்துக்கொண்டன: படையெடுப்பு, முற்றுகை, இறுதிப்போர். பாதணிகளைக் கிருமிநீரில் தோய்த்தல், வண்டிச் சில்லுகளைக் கழுவுதல், வேலியிடுதல் ஆகியவை அவசியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை; மண்ணோடு ஒட்டிச் செல்லும் வித்தியைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் போர்மொழி ஒரு கேள்வியை விழுங்கிவிடுகின்றது: செலவு யாருடையது? பெருவின் பியூரா பகுதியில் ஏற்றுமதிக்கான சேதன வாழையைப் பயிரிடுவோரிற் பெரும்பாலார் ஒரு ஹெக்டயர் அளவான நிலத்தை உடைய சிறு விவசாயிகள். வேலியும் கழுவுதளமும் தனித்தனிப் பாதணியும் பெருந்தோட்டத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரி. ஒரு ஹெக்டயர்காரனுக்கு அதுவே ஒரு போகத்தின் வருவாயை விழுங்கக்கூடியது. நோயுற்ற வயலைத் தனிமைப்படுத்திப் பல்லாண்டு வாழையின்றி விடச் சொல்லலாம். அப்பல்லாண்டும் அவன் எதை உண்பது என்பதற்குப் பங்கசின் வாழ்க்கை வட்டத்தில் விடையில்லை. பழத்தை மலிவு விலையில் வாங்கும் பேரங்காடிகளிடம் அக்கேள்வியைக் கேட்போர் சிலரே.

விஞ்ஞானத்தின் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எதிர்ப்புள்ள காட்டு வாழை ஒன்றின் பரம்பரையலகைக் கவென்டிஷினுள் புகுத்தி அவுஸ்திரேலிய ஆய்வாளர் உருவாக்கிய வாழைக்கு 2024இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. அது பல்லாண்டு உழைப்பின் பேறு; மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. என் வினா அவ்வாழை எவ்வாறு நடப்படும் என்பதே. மீண்டும் ஒரே தாவரமாக, மீண்டும் அடிவானம் வரை நடப்படுமாயின், நாம் கதவை மாற்றினோம், வீட்டை மாற்றவில்லை. மறுபுறம், தென்சீனத்தில் வாழையோடு ஒருவகை உள்ளியைச் சுழற்சிமுறையிற் பயிரிட்டு விவசாயிகள் நோயைக் கணிசமாகத் தணித்துள்ளனர். ஆய்வாளர் அதனைப் பரிசோதித்து உறுதிசெய்துமிருக்கின்றனர். இதற்குக் காப்புரிமை பெறவொண்ணாது. பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் அது இடம்பெறாமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

முதலிற் கூறிய வாக்கியத்தில் ஒரு சொல் இன்னும் விசாரிக்கப்படாமல் நிற்கின்றது. 'அழித்தொழித்தது' என்கின்றனர். குரோ மிச்செல் அழிந்துவிடவில்லை. மத்திய அமெரிக்காவின் மலைப்பாங்கான இடங்களில், சிறு விவசாயிகளின் கோப்பித் தோட்டங்களில், நிழல் மரங்களுக்கும் வேறு வாழைகளுக்கும் இடையிடையே அது இன்றும் நிற்கின்றது. பங்கசும் அங்கேயே இருக்கின்றது. இங்கொன்று வாடுகின்றது, அதனை வெட்டியெறிந்து, அடுத்ததன் குலையை உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டுசெல்கின்றனர்.